பூட்டைக் கழற்றாதீர்கள், சாவியைக் கேளுங்கள்

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவப் போவதாகச் சொல்லிப் பாருங்கள். யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் அறிவுரை ஒன்றுதான்: "செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடுங்க." காணொளிகளில் அதைத்தான் சொல்கிறார்கள். கணினி பழுதுபார்ப்பவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் பள்ளிக் கணினிக் குழுவில் இருக்கும் 14 வயதுப் பிள்ளைகள்கூட அதையே திருப்பிச் சொல்கிறார்கள். சொல்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அப்படிச் செய்தால் வேலை நடந்துவிடும் என்பதும் உண்மை. ஆனாலும் அது தவறான அறிவுரை என்பதே என் கருத்து. சாவி சேரவில்லை என்பதற்காக வீட்டுக் கதவின் பூட்டையே கழற்றி வைப்பதைப் போன்றது அது. அந்தப் பூட்டு நம் சாவியையும் ஏற்கும்படி செய்ய வழி இருக்கிறது. பத்து நிமிட வேலை. பலருக்கு அது தெரியாது என்பதுதான் சிக்கல்.

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ மடிக்கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றின் வன்பொருள் புதிய பதிப்பின் நிபந்தனைகளுக்கு உட்படவில்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்பது தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கணக்கு. அதைத் திரட்டிப் பதப்படுத்தும் பொறுப்பு 2021 ஜூலையிலிருந்து தயாரிப்பாளர்களுடையது. கடைத்தொகுதிகளில் நாம் பார்க்கும் மின்கழிவுத் தொட்டிகள் அதன் விளைவுதான். தொட்டியில் போடுவது நல்லதே. அதைவிட நல்லது, ஓடுகிற பொருளை இன்னும் ஐந்து ஆண்டு ஓட்டுவது. 2020இல் கொவிட்-19 முறியடிப்புக் காலத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க நேர்ந்தபோது, 'என்ஜினியரிங் குட்' அமைப்பின் தொண்டூழியர்கள் பழைய மடிக்கணினிகளைத் திரட்டிப் பழுதுபார்த்து, வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு பழைய கணினிக்கு என்ன மதிப்பு என்பதை அந்த மாதங்களில் ஆசிரியர்கள் எல்லாரும் பார்த்தோம். அப்படிப்பட்ட இயந்திரங்களைக் காசு செலவில்லாமல், பாதுகாப்புப் புதுப்பிப்புகளோடு தொடர்ந்து ஓட்ட உதவுவது லினக்ஸ். வழியில் நிற்கும் தடை இந்தச் செக்யூர் பூட்.

அது என்ன என்று முதலில் பார்ப்போம். கணினியின் பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் யூஇஎஃப்ஐ என்ற மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர். அது வட்டிலிருந்து ஒரு சிறு நிரலை எடுத்து ஓடவிடும். அந்த நிரல், இயங்குதளத்தின் மையமான கெர்னலை ஏற்றும். கெர்னல் மற்ற எல்லாவற்றையும் எழுப்பும். ஒரு வீட்டில் ஒருவர் எழுந்து அடுத்தவரை எழுப்பிவிடுவதைப் போன்ற வரிசை இது. இந்த வரிசையில் முன்னால் நிற்பவருக்கே அதிகாரம் அதிகம். கெர்னலுக்கு முன்பே ஒரு தீநிரல் நுழைந்துவிட்டால், பின்னால் வரும் நச்சுநிரல் எதிர்ப்பியால் அதைக் கண்டுபிடிக்க முடியாமலே போகலாம். எதிர்ப்பியின் கண்ணுக்கு எது தெரியும் என்பதையே அந்தத் தீநிரல் தீர்மானிக்கும் நிலையில் இருக்கிறது.

செக்யூர் பூட் இந்த வரிசையில் வரும் ஒவ்வொருவரிடமும் கையொப்பம் கேட்கிறது. சிங்பாஸ் செயலி மூலம் ஆவணங்களில் மின்னிலக்கக் கையொப்பம் இட்டிருப்பீர்கள். இங்கும் அதே கணிதம்தான். ஒரு நிரல் முழுவதையும் கணக்கிட்டு 64 குறிகள் கொண்ட ஒரு சுருக்கத்தை எடுப்பார்கள். நிரலில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் சுருக்கம் அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். அந்தச் சுருக்கத்தை ஒருவர் தம் இரகசியச் சாவியால் கையொப்பமிடுவார். அவருடைய பொதுச் சாவியை வைத்திருக்கும் எவரும் கையொப்பத்தைச் சரிபார்க்கலாம். இரகசியச் சாவி இல்லாமல் அதைப் போலியாகச் செய்வது நடைமுறையில் இயலாது.

ஆனால் ஒன்று. சிராங்கூன் சாலை நகைக்கடையில் வாங்கும் வளையலில் 916 என்ற முத்திரை இருந்தால், ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்று பொருள். வளையல் உடையாது என்று அந்த முத்திரை உறுதி சொல்லவில்லை. கையொப்பமும் அப்படித்தான். யார் கொடுத்தது, வழியில் யாரும் கைவைத்தார்களா என்பதை மட்டும் சொல்லும். நிரலில் ஓட்டை இல்லை என்று சொல்லாது. 2023 மார்ச்சில் ஈசெட் நிறுவனம் ஆராய்ந்து விளக்கிய 'பிளாக்லோட்டஸ்' என்ற தீநிரல், முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட விண்டோஸ் 11 கணினிகளிலும் செக்யூர் பூட்டைத் தாண்டியது. முறையாகக் கையொப்பமிடப்பட்ட, ஆனால் ஓட்டையுள்ள பழைய நிரல்களைத் தன்னோடு கொண்டுவந்து அது உள்ளே நுழைந்தது. அந்தப் பழைய நிரல்கள் அப்போது தடைப்பட்டியலில் சேர்க்கப்படாமல் இருந்தன.

சரி, கணினி யாருடைய கையொப்பத்தை நம்புகிறது? விவகாரமே இங்கேதான் தொடங்குகிறது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, அதன் சான்று பெற்ற கணினிகளில் செக்யூர் பூட் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று மைக்ரோசாப்ட் நிபந்தனை வைத்தது. அதனால் ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் மைக்ரோசாப்டின் பொதுச் சாவி குடியேறியது. லினக்ஸ் உலகம் பதறியது. அப்போது ரெட் ஹேட் நிறுவனத்தில் இருந்த மேத்யூ காரெட் ஒரு வழி கண்டார். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் தச்சர் செருகும் மெல்லிய சீவலுக்கு ஆங்கிலத்தில் 'ஷிம்' என்று பெயர். அதே பெயரில் ஒரு சிறு நிரலை எழுதி, அதற்கு மட்டும் மைக்ரோசாப்டின் கையொப்பத்தை வாங்குவது. அதற்குப் பிறகு வரும் கெர்னலை, லினக்ஸ் வழங்குநரின் சொந்தச் சாவியைக் கொண்டு ஷிம் சரிபார்ப்பது. கையொப்பச் சேவையில் சேர அன்று ஆன செலவு 99 அமெரிக்க டாலர். அதுவும் வெரிசைன் நிறுவனத்துக்குப் போனது. ஃபெடோரா 2013 ஜனவரியிலேயே இந்த வழியில் வந்தது. டெபியன் 2019 வரை நேரம் எடுத்துக்கொண்டது.

சூஸே நிறுவனத்தின் நிரலாளர்கள் இதோடு ஒன்றைச் சேர்த்தார்கள். இந்தக் கட்டுரையின் கதாநாயகன் அதுதான். ஷிம் இன்னொரு சாவிப் பட்டியலையும் பார்க்கும். அது கணினியின் உரிமையாளருக்கு உரியது. பெயரே 'இயந்திர உரிமையாளர் சாவி' என்று பொருள்படும். ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி 'மோக்' என்பார்கள். மைக்ரோசாப்ட், தயாரிப்பாளர், லினக்ஸ் வழங்குநர் ஆகியோரோடு நீங்களும் கையொப்பமிடலாம் என்று இதற்கு அர்த்தம். 2013 பிப்ரவரியில் ரெட் ஹேட் அனுப்பிய ஒரு மாற்றத்தை லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாக மறுத்தபோது அவர் வாதிட்டதன் சாரமும் ஏறக்குறைய இதுவே: கையொப்பம் பயனரின் கட்டுப்பாட்டுக்காக இருக்க வேண்டும், மைக்ரோசாப்டை மனத்தில் வைத்து அல்ல. அவர் பயன்படுத்திய சொற்களைப் பள்ளி ஆசிரியர் எழுதும் பத்தியில் போட முடியாது. கருத்து சரியானது.

இவ்வளவு ஏற்பாடும் இருக்க, சிக்கல் எங்கே வருகிறது? உபுண்டு, ஃபெடோரா, டெபியன் மூன்றும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் பொதுவாக அமைதியாக ஏறிவிடும். தகராறு செய்வது பிற்பாடு நாம் சேர்க்கும் கெர்னல் மாட்யூல்கள், குறிப்பாக வன்பொருள் இயக்கிகள். எங்கள் குழுவின் மாணவர் ஒருவருடைய பழைய மடிக்கணினியில் வைஃபை சில்லு செத்துவிட்டது. சில பத்து வெள்ளிக்கு ஒரு யூஎஸ்பி வைஃபை கருவி வாங்கினார். அதற்கான இயக்கி கெர்னலோடு வரவில்லை. மூலநிரலை எடுத்துத் தம் கணினியிலேயே தொகுத்தார். பிழையே இல்லை. ஏற்றிப் பார்த்தால், சாவி நிராகரிக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி. அதாவது, 'யாரப்பா நீ, உன் கையொப்பம் எங்கே' என்று கெர்னல் கேட்கிறது. கேட்பது நியாயம். அந்த இயக்கி அந்த வீட்டு மேசையில், ஐந்து நிமிடத்துக்கு முன் பிறந்தது. உலகத்தில் வேறு யாரும் அதற்குக் கையொப்பமிட்டிருக்க முடியாது. இடக்கூடியவர் அந்த மாணவர் ஒருவரே. வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள்களை நிறுவுபவர்களும் இதே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில், உங்கள் லினக்ஸ் வழங்குநரே கையொப்பமிட்டுத் தரும் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டுவில் என்விடியா இயக்கிக்கு அப்படி உண்டு. அதை எடுத்தால் வேறு வேலையே இல்லை. இல்லாவிட்டால் சொந்தச் சாவி. உபுண்டுவில் இயக்கியை மென்பொருள் களஞ்சியத்திலிருந்து நிறுவினால் சாவியை அதுவே உருவாக்கி, ஒரு கடவுச்சொல்லையும் கேட்கும். எட்டு எழுத்துக்குக் குறையாமல் ஒன்றைக் கொடுத்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். நிரந்தரக் கடவுச்சொல் அல்ல இது. அடுத்த ஒரே ஒரு தொடக்கத்துக்கு மட்டும்.

கணினியை மறுபடி தொடங்குங்கள். லினக்ஸ் வருவதற்கு முன் ஒரு நீலத் திரை வரும். பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இங்கேதான். பத்து விநாடி காத்திருந்துவிட்டு அந்தத் திரை போய்விடும்; காப்பி எடுக்க எழுந்தால் தீர்ந்தது. உடனே ஏதாவது ஒரு விசையைத் தட்டுங்கள். பட்டியலில் முதலில் நிற்பது 'கன்டினியூ பூட்'. அதில் என்டர் தட்டினால் சாவி சேராமலே கணினி கிளம்பிவிடும். அம்புக்குறியால் கீழே இறங்கி 'எண்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'கன்டினியூ', பிறகு 'யெஸ்', பிறகு தாளில் எழுதிவைத்த கடவுச்சொல், கடைசியாக 'ரீபூட்'. அவ்வளவுதான். இனி அந்தச் சாவியால் கையொப்பமிட்ட மாட்யூல்களைக் கெர்னல் ஏற்கும். கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற கருவி இயக்கியை மறுபடி தொகுத்து, அதே சாவியால் கையொப்பமிட்டுவிடும். நீலத் திரையைத் தவறவிட்டிருந்தால் பதற வேண்டாம். மோக்யூட்டில் என்ற கருவியைக் கொண்டு சாவியை மறுபடி விண்ணப்பிக்கலாம்.

இதற்கு ஏன் இந்த நாடகம், லினக்ஸுக்குள் இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்திச் சேர்க்கக்கூடாதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. உங்களால் உள்ளிருந்தே சேர்க்க முடிந்தால், உள்ளே புகுந்த தீநிரலாலும் முடியும். அதனால்தான் இயங்குதளம் எழுவதற்கு முன், விசைப்பலகைக்கு முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால்தான் நடக்கும் என்று வைத்திருக்கிறார்கள். கடவுச்சொல்லும் அதற்குத்தான்: உள்ளிருந்து விண்ணப்பித்தவரும் வெளியே விசையைத் தட்டுபவரும் ஒருவரே என்று நிறுவ.

"லினக்ஸுக்குத்தான் வைரஸ் வராதே, அணைத்துவிட்டுப் போகலாமே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2024 நவம்பரில் ஈசெட் 'பூட்கிட்டி' என்ற ஒன்றைப் பற்றி எழுதியது. லினக்ஸைக் குறிவைத்து யூஇஎஃப்ஐ மட்டத்தில் எழுதப்பட்டதாக அறியப்பட்ட முதல் தீநிரல். தென்கொரியாவில் இணையப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற மாணவர்கள் ஆய்வுக்காகச் செய்துபார்த்தது என்று பிறகு தெரிந்தது. அது தனக்குத் தானே கையொப்பமிட்டுக்கொண்ட நிரல். ஆகவே செக்யூர் பூட் இயங்கும் கணினியில் அப்படியே ஓடாது. ஃபர்ம்வேரில் வேறோர் ஓட்டையைத் தேடித் தன் சாவியை நுழைத்தாக வேண்டும். பூட்டைக் கழற்றி வைத்த வீட்டில் அந்தச் சிரமம் அதற்கு இல்லை. மாணவர்கள் செய்ததை மற்றவர்களும் செய்வார்கள். விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைத்திருப்போருக்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் பக்கத்தில் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால், செக்யூர் பூட்டை அணைத்ததும் அது 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கலாம். அந்தக் குறியீடு எங்கே இருக்கிறது என்று உடனே சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2024 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, பழைய ஷிம் பதிப்புகளைத் தடைசெய்தது. இரண்டு இயங்குதளங்களும் உள்ள கணினிகளை அது தொடாது என்று சொல்லப்பட்டிருந்தது. தொட்டது. பலருடைய லினக்ஸ் மறுநாள் கிளம்பவில்லை. ஏதோ கடுமையாகத் தவறிவிட்டது என்ற செய்தி மட்டும் திரையில். அதில் அடிபட்டவரிடம் போய்ச் செக்யூர் பூட்டின் பெருமையை நான் பாடப்போவதில்லை. நம் வீட்டுப் பூட்டின் தடைப்பட்டியலை வேறொருவர் எழுதுவதில் இந்த ஆபத்து இருக்கவே செய்கிறது. செக்யூர் பூட் இயங்கும்போது பல லினக்ஸ் பதிப்புகளில் ஹைபர்நேட் வசதி முடங்குவதும் உண்மை. நான் சொன்ன எளிய வழியிலும் ஒரு குறை உண்டு: இரகசியச் சாவி அதே கணினியின் வட்டிலேயே இருக்கிறது. கணினியில் முழு நிர்வாகி அதிகாரம் பெற்றுவிட்ட தீநிரல் அந்தச் சாவியை எடுத்துத் தனக்கே கையொப்பமிட்டுக்கொள்ளலாம். அதற்கு அஞ்சுபவர்கள் சாவியை ஒரு யூஎஸ்பி விரலியில் வைத்து, வேண்டும்போது மட்டும் செருகலாம். கெர்னல் புதுப்பிப்பின்போதெல்லாம் கைவேலை கூடும். வீட்டுக் கணினிக்கு வட்டில் இருப்பதே போதும் என்று நினைக்கிறேன். கழற்றி வைத்த பூட்டைவிட அது எவ்வளவோ மேல்.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. செக்யூர் பூட்டுக்கு அடித்தளமான மைக்ரோசாப்ட் சான்றிதழ்கள் 2011இல் வழங்கப்பட்டவை. அவை 2026 ஜூன் முதல் ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன. ஷிம்முக்குக் கையொப்பமிடப் பயன்பட்ட சான்றிதழும் அவற்றில் ஒன்று. தேதி வந்ததும் கணினி நின்றுவிடாது. ஏற்கெனவே கையொப்பம் பெற்றவை பொதுவாகத் தொடர்ந்து ஓடும். ஆனால் 2023இல் வழங்கப்பட்ட புதிய சான்றிதழால் மட்டும் கையொப்பமிட்ட ஷிம் வரும்போது, அந்தச் சான்றிதழ் இல்லாத பழைய இயந்திரம் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். புதியதைச் சேர்க்க வழி உண்டு. தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு ஒன்று. லினக்ஸில் எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவி மற்றொன்று. ஆனால் சாவிப் பட்டியலின் மேல்மட்டத்தை மாற்ற, தயாரிப்பாளரின் கையொப்பம் வேண்டும். எட்டு ஆண்டுக்கு முன் விற்ற மாடலை மறந்துவிட்ட நிறுவனம் அதைத் தருமா? இந்த நிறுவனங்கள் சாவியை எப்படிக் காக்கின்றன என்பதற்கு 2024இல் பைனார்லி ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்த ஒரு செய்தியே போதும். பல தயாரிப்பாளர்களின் கணினிகள், 'நம்பாதீர்கள்' என்று பெயரிலேயே எழுதியிருந்த மாதிரிச் சாவியோடு கடைக்கு வந்திருந்தன.

ஆகவே பழைய கணினிகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் தொண்டூழியர்களிடம் ஒரு வேண்டுகோள். இயந்திரத்தைக் கொடுப்பதற்கு முன் ஃபர்ம்வேரையும் சான்றிதழ்களையும் புதுப்பியுங்கள். செக்யூர் பூட்டை இயங்கும் நிலையிலேயே விட்டுக் கொடுங்கள். பெறுகிற குடும்பத்துக்கு நாளை ஒரு புதிய வைஃபை கருவி வரும். அவர்களே சாவி சேர்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.

பள்ளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. தேசிய மின்னிலக்க அறிவுத்திறன் திட்டத்தின்கீழ் 2021 முதல் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளி மாணவருக்கும் சொந்தமாக ஒரு கற்றல் சாதனம் இருக்கிறது. அவற்றில் குரோம்புக் வைத்திருப்பவர்கள் தங்களை அறியாமலே லினக்ஸ் கெர்னலைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் ஒவ்வொரு தொடக்கத்திலும் கையொப்பம் பார்க்கும், ஆனால் சாவி கூகலுடையது. படிக்கும் காலத்தில் சாதன நிர்வாகச் செயலி இருப்பதை நான் குறைகூறவில்லை. பள்ளி நிர்வகிக்கும் சாதனத்தில் மேலே சொன்ன எதையும் மாணவர்கள் செய்துபார்க்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என் யோசனை, பள்ளியை விட்டுப் போகும் நாளைப் பற்றியது. அன்று அந்தச் செயலி நீங்கி, சாதனம் முழுக்க மாணவருடையதாகிறது. அந்த வாரத்தில் அரைநாள் ஒதுக்கலாம். விண்டோஸ் மடிக்கணினி வைத்திருப்போரில் விரும்புகிறவர்கள் லினக்ஸ் ஏற்றட்டும். சொந்தமாக ஒரு சாவி உருவாக்கி, தாங்களே தொகுத்த ஒரு சிறு மாட்யூலுக்குக் கையொப்பமிட்டு, நீலத் திரையில் அதைச் சேர்க்கட்டும். ஒரு எழுத்தை மாற்றிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்க்கட்டும், கெர்னல் மறுக்கும். இணையப் பாதுகாப்பு பற்றி நாங்கள் காட்டும் எந்தச் சுவரொட்டியைவிடவும் அந்த மறுப்பு நன்றாகப் பாடம் நடத்தும்.

தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 8 காலத்தில் வந்த ஏஆர்எம் சில்லுச் சாதனங்களில் செக்யூர் பூட்டை அணைக்கவும் முடியாது, சொந்தச் சாவியைச் சேர்க்கவும் முடியாது. அண்மை ஆண்டுகளில் வரும் சில மடிக்கணினிகளில் ஷிம்மை நம்பும் சான்றிதழ் ஆரம்பத்திலேயே முடக்கப்பட்டிருக்கிறது. ஃபர்ம்வேர் அமைப்புகளில் தேடிப் பிடித்து அனுமதிக்க வேண்டும். பள்ளிகளுக்கும் அரசாங்க அமைப்புகளுக்கும் மொத்தமாகக் கணினி வாங்கும்போது, உரிமையாளர் தம் சாவியைச் சேர்க்கும் வசதி இருக்க வேண்டும், ஆதரவு முடியும் நாளில் கடைசிச் சான்றிதழ்ப் புதுப்பிப்பைத் தர வேண்டும் என்ற இரண்டு வரிகளை ஒப்பந்தத்தில் சேர்த்தால் போதும். ஆயிரக்கணக்கில் வாங்குபவர் சொன்னால் கேட்பார்கள். தனியாளாக ஒரு மடிக்கணினி வாங்குபவர் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

அந்த நீலத் திரை ஆங்கிலம் மட்டுமே பேசும், பத்து விநாடிதான் காத்திருக்கும். மடிக்கணினியின் அடியில் ஒட்டிவைக்கும் அளவில் நான்கு மொழிகளிலும் ஒரு சிறு வழிகாட்டியை எங்கள் குழு தயாரித்துக்கொண்டிருக்கிறது. தமிழ்ப் பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. 'எண்ரோல்' என்பதற்குப் 'பதிவுசெய்' என்று போடுவதா, 'சேர்த்துக்கொள்' என்று போடுவதா என்ற வாதம் மட்டும் ஓயவில்லை. பிள்ளைகள் இரண்டாவதன் பக்கம்.